மூன்று பெயிண்டர், மூன்று விலை: வீட்டை யாரிடம் கொடுப்பது?

கேள்வி இது: தாம்பரம் பக்கம் தனி வீடு. கீழும் மாடியுமாக 1,200 சதுர அடி, கட்டிப் பன்னிரண்டு வருடம். உள்ளே, வெளியே இரண்டும் அடிக்க வேண்டும். ஹாலில் ஒரு சுவரின் அடிப்பகுதி பொரிந்து உதிர்கிறது. மூன்று பெயிண்டர்கள் வந்து பார்த்தார்கள். ஒருவர் சதுர அடிக்கு இவ்வளவு என்கிறார், ஒருவர் பெயிண்ட்டோடு சேர்த்து மொத்தமாக ஒரு தொகை சொல்கிறார், இன்னொருவர் நாள் கூலிக்கு வருகிறேன் என்கிறார். மொத்தத்தில் பார்த்தால் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம். யாரை வைத்துக்கொள்வது?

மூன்று பேரும் மூன்று வேறு வேலைகளுக்கு விலை சொல்லியிருக்கிறார்கள். அதனால் அந்தத் தொகைகளை இப்போதைக்கு ஒப்பிட முடியாது. ஒருவர் சுவரைத் துடைத்துவிட்டு மேலே இரண்டு கோட் ஓட்டுவதற்குச் சொல்லியிருப்பார். இன்னொருவர் பழையதைச் சுரண்டி, பட்டி (சுவரைச் சமன் செய்யும் மாவுப் பூச்சு) பார்த்து, எமரித் தாளால் தேய்த்து, பிரைமர் (பெயிண்ட்டைப் பிடிக்க வைக்கும் அடிப்பூச்சு) வைத்து, பிறகு அடிப்பதற்குச் சொல்லியிருப்பார். பெயிண்ட் வேலையில் கூலியின் பெரும் பகுதி சுவரைத் தயார் செய்வதற்குத்தான் போகிறது. டப்பாவைத் திறந்த பிறகு நடப்பது சுலபமான பாதி. குறைந்த விலை சொல்பவர் எங்கே குறைக்கிறார் என்று தேடினால் பெரும்பாலும் அந்த முதல் பாதியில்தான் குறைத்திருப்பார். அது அடித்து முடித்த அன்று யார் கண்ணுக்கும் தெரியாது, அடுத்த ஐப்பசி மழையில்தான் தெரியும்.

ஆகவே முதல் வேலை, பரப்பளவை நீங்களே அளப்பது. ஒரு டேப்பும் ஒரு தாளும் போதும். 12 அடிக்கு 10 அடி அறை, உயரம் 10 அடி என்றால் நான்கு சுவரும் சேர்த்து 440 சதுர அடி, மேல் தளம் 120, ஆக 560. கதவும் ஜன்னலும் கழித்தால் 520 சொச்சம். இதே போல எல்லா அறைக்கும் போட்டால், உள்வேலை வீட்டின் தரைப் பரப்பில் மூன்று முதல் மூன்றரை மடங்கு வரும். உங்கள் வீட்டுக்கு 3,600 முதல் 4,200 சதுர அடி. வெளிப்புறம் சுற்றளவு 100 அடி என்று வைத்துக்கொண்டால், இரண்டு மாடிக்கும் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவருக்கும் சேர்த்து 23 அடி உயரம், 2,300 சதுர அடி. கைப்பிடிச் சுவரின் உள்பக்கமும் சன்ஷேடும் சேர்த்தால் 2,700 பக்கம் வரும். பெயிண்டர் உள்வேலைக்கு மட்டும் 5,000 என்று அளந்து வந்தால் எந்த இடத்தில் கூடியது என்று உங்களால் கேட்க முடியும்.

கதவு ஜன்னலைக் கழிப்பதா வேண்டாமா என்பதில்தான் சண்டை வரும். சின்னத் திறப்புகளைக் கழிக்காமல் விட்டு, அதற்கு ஈடாக ஜன்னலைச் சுற்றியுள்ள சுவர் கனத்தைத் தனியாகச் சேர்க்காமல் விடுவது நடைமுறை, நியாயமும் கூட. அந்த ஓரங்களைப் பிரஷ்ஷால் அடிப்பதற்கு நேரம் அதிகம் பிடிக்கும். இரும்பு கிரில்லை ஒரு பக்கம் அளப்பதா, இரண்டு பக்கமா, அல்லது ஒரு ஜன்னலுக்கு இவ்வளவா என்பதை மட்டும் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள்.

ரூபாய்க் கணக்கை இங்கே எழுதவில்லை. கூலி ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறுகிறது, தீபாவளிக்கு முன்பும் பொங்கலுக்கு முன்பும் ஏறிவிடுகிறது. பொருள் எவ்வளவு வேண்டும் என்ற கணக்கு மாறாது. நல்ல உள்சுவர் எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் பெயிண்ட்) ஒரு லிட்டர், பட்டி பார்த்த சுவரில் இரண்டு கோட்டுக்கு 60 முதல் 75 சதுர அடி ஓடும். வெளிச்சுவர் சொரசொரப்பாக இருப்பதால் 50 முதல் 60. உங்கள் வீட்டில் உள்சுவர் மட்டும் 2,600 சதுர அடி என்று கொண்டால், லிட்டருக்கு 65 வீதம் 40 லிட்டர், அதாவது 20 லிட்டர் பக்கெட் இரண்டு. மேல் தளம் 1,200க்கு வெள்ளை 20 லிட்டர். வெளியே 2,700க்கு 50 லிட்டர். இந்தக் கணக்கு கையில் இருந்தால் யாரும் உங்களை ஏமாற்றுவது கடினம். வேலை முடிந்து காலி டப்பாக்களை எண்ணும்போது 60 லிட்டர் போக வேண்டிய இடத்தில் 35 லிட்டர்தான் போயிருக்கிறது என்றால், ஒன்று ஒரே கோட் அடித்திருக்கிறார்கள், அல்லது தண்ணீர் அளவுக்கு மீறிக் கலந்திருக்கிறார்கள்.

இப்போது ஹால் சுவருக்கு வருகிறேன். அதைச் சரி செய்யாமல் பெயிண்டரைக் கூப்பிடவே வேண்டாம். சுவரின் அடியில் இரண்டு மூன்று அடி உயரத்துக்கு மட்டும் பொரிந்து, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அது தரையிலிருந்து ஏறும் ஓதம். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை இருந்தால் பைப் கசிவு, அல்லது டைல்ஸ் இடுக்கில் இறங்கும் தண்ணீர். ஜன்னலுக்குக் கீழே என்றால் சன்ஷேடிலோ ஜன்னல் சட்டத்தின் ஓரத்திலோ விரிசல். மேல் தளத்தில் வட்ட வட்டமாகக் கறை என்றால் மொட்டை மாடியில் தட்டோடுகளுக்கு நடுவே பூச்சு விட்டிருக்கும், அல்லது மழைநீர்க் குழாயின் வாய் அடைத்துத் தண்ணீர் தேங்கியிருக்கும். இவை கொத்தனாரும் பிளம்பரும் பார்க்க வேண்டிய வேலை. "டேம்ப் ப்ரூஃப் ஒரு கோட் அடிச்சிடலாம் சார், நிக்கும்" என்று ஒருவர் ஈரம் எங்கிருந்து வருகிறது என்றே கேட்காமல் சொன்னால், மற்ற வேலையையும் அவர் அப்படித்தான் செய்வார். ஈரம் சுவருக்குள் இருந்து வெளியேறும்போது கூடவே உப்பையும் இழுத்து வருகிறது. மேலே வழியை அடைத்தால் பெயிண்ட்டைப் பட்டியோடு சேர்த்துத் தள்ளிவிட்டு வெளியே வரும்.

கசிவை அடைத்த பிறகும் சுவர் காய்ந்துவிட்டதா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. ஒன்றரை அடிச் சதுரத்துக்குப் பாலிதீன் ஷீட் ஒன்றை வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, ஒரு நாள் விட்டுவிடுங்கள். உள்பக்கம் நீர் முத்து கோத்திருந்தாலோ சுவர் கறுத்திருந்தாலோ இன்னும் காயவில்லை. பொரிந்த பூச்சைக் கொத்தி எடுத்துப் புதிதாகச் சிமென்ட் பூசியிருந்தால் 28 நாளாவது விட வேண்டும். பச்சைப் பூச்சில் இருக்கும் காரம் நிறத்தைத் தின்றுவிடும், அந்த இடம் மட்டும் திட்டாக வெளுத்து நிற்கும்.

இனி பெயிண்டர்களிடம் கேட்க வேண்டியவை. ஆளைத் தேட நல்ல இடம் உங்கள் பகுதிப் பெயிண்ட் கடை. எந்த மேஸ்திரி எந்த மாதிரிப் பொருள் வாங்குகிறார், யார் மீது புகார் வருகிறது என்பது கடைக்காரருக்குத் தெரியும். ஆனால் கடைக்காரர் சொன்னார் என்பதோடு நிறுத்தாதீர்கள். அந்த மேஸ்திரி போன மாதம் முடித்த வீட்டைப் பார்ப்பதில் பயன் இல்லை, எல்லா வீடும் ஒரு மாதம் பளபளக்கும். ஒரு வடகிழக்குப் பருவமழையாவது தாண்டிய வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே வெளிச்சுவரில் உள்ளங்கையைத் தேயுங்கள், மாவு போல ஒட்டக் கூடாது. தூணும் செங்கல் சுவரும் சேரும் கோட்டையும் சன்ஷேடின் அடியையும் பாருங்கள். உள்ளே சுவிட்ச் போர்டின் ஓரம், சுவரும் மேல் தளமும் சேரும் கோடு, கதவு நிலையின் மேல்புறம், இந்த மூன்றும் சுத்தமாக இருந்தால் கை சுத்தமான ஆள்.

பிறகு உங்கள் வீட்டில் ஒவ்வொரு சுவராக நின்று, "இந்த இடத்துக்கு என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். பதிலில் நீங்கள் தேட வேண்டியவை சில உண்டு.

பழைய எமல்ஷன் கெட்டியாகப் பிடித்திருக்கும் சுவருக்கு முழுப் பட்டி தேவையில்லை. ஆணி ஓட்டை, விரிசல், உரிந்த இடம் ஆகியவற்றில் மட்டும் பட்டி பார்த்து, முழுச் சுவரையும் எமரியால் தேய்த்துத் தூசி தட்டி, பட்டி பார்த்த இடங்களில் பிரைமர் தொட்டு, இரண்டு கோட் அடித்தால் போதும். ரேட் ஏறும் என்பதற்காக எல்லா இடத்துக்கும் முழுப் பட்டி சொல்பவர்கள் உண்டு. சுவர் மேடுபள்ளமாக இருந்தால்தான் அது தேவை. அதுவும் பழைய பெயிண்ட்டைச் சுரண்டாமல், மழமழப்பான பரப்பின் மேல் அப்படியே இழுத்தால் ஒரு நாள் தாள் போலப் பெயர்ந்து வரும்.

ஏதாவது அறையில் டிஸ்டெம்பரோ சுண்ணாம்போ இருந்தால் கண்டிப்பாகச் சுரண்டியாக வேண்டும். பழைய பரப்பு பிடித்திருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, மேலே டேப் ஒட்டிச் சட்டென்று இழுத்துப் பாருங்கள். செதில் டேப்போடு வந்தால் அதன் மேல் எந்தப் பெயிண்ட்டும் நிற்காது.

பட்டியில் இரண்டு வகை. வெள்ளைச் சிமென்ட் பட்டி மூட்டையில் தூளாக வரும், அதை வெறும் பூச்சுச் சுவரில் சுவரை நனைத்து வைக்க வேண்டும், பிரைமர் அதற்குப் பிறகுதான் வரும். டப்பாவில் பசையாக வரும் அக்ரிலிக் பட்டிக்கு முன்பும் பின்பும் பிரைமர் உண்டு, அதை வெளிச்சுவரில் போடவே கூடாது. வரிசையை மாற்றிச் சொல்லும் பெயிண்டரிடம் எந்தப் பட்டி என்று கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சிமென்ட் பட்டியைக் கலந்து இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்து, இறுகிப்போனதில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் கலக்கிப் பூசினால் அந்தப் பட்டி காய்ந்ததும் மாவாக உதிரும். பிற்பாடு பெயிண்ட் உரிந்தது என்று கம்பெனியைத் திட்டுவோம், குற்றம் அந்தச் சட்டியில் இருக்கும். மூட்டை மேல் கிலோவுக்கு 20 சதுர அடி என்று போட்டிருப்பார்கள். நம் ஊர்ப் பூச்சுச் சுவரில் இரண்டு கோட்டுக்கு 12 முதல் 15 தான் வரும். முழு வீட்டுக்கும் என்றால் 40 கிலோ மூட்டை ஆறேழு ஆகும்.

வெளிச்சுவரில் பாசி பிடித்த இடத்தைப் பிரஷ்ஷால் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் கரைசல் அடித்து ஊறவிட்டு, நன்றாகக் கழுவி, முழுதும் காயவிட வேண்டும். பாசி மேலேயே அடித்தால் உள்ளே உயிரோடு இருக்கும் பாசி அடுத்த மழையில் மேலே வந்துவிடும். மயிரிழை விரிசலுக்கு, விரிசல் அடைக்கும் பேஸ்ட் போதும். பெரிய விரிசலை உளியால் அகலப்படுத்தித் தூசி எடுத்துத்தான் நிரப்ப வேண்டும். தூணுக்கும் செங்கல் சுவருக்கும் இடையே நேர்கோடாக ஓடும் விரிசல் மட்டும் பேஸ்ட்டுக்கு அடங்காது. இரண்டும் வெயிலில் வேறு வேறு அளவு விரிவதால் மறுபடி திறந்துகொள்ளும், அங்கே வலை ஒட்டிப் பூச வேண்டும்.

கிரில்லுக்குத் துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட், எனாமல் (எண்ணெய்ப் பெயிண்ட்) இரண்டு கோட். எனாமலில் டர்பன்டைன் கலக்கிறாரா மண்ணெண்ணெய் கலக்கிறாரா என்று பாருங்கள். மண்ணெண்ணெய் கலந்தால் காய நாளாகும், பளபளப்பும் இறங்கிவிடும். இன்னொரு விஷயம், வீட்டில் குழந்தைகள் இருந்தால் கட்டாயம் கவனிக்க வேண்டியது. வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் கிரில்லின் முதல் எனாமல் அதற்கு முந்தையது. அதை உலர்வாகத் தேய்த்துத் தூசி பறக்க விடாமல், நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். கீழே ஷீட் விரித்து, விழுந்ததைச் சுருட்டி எடுத்துவிடுங்கள். அந்த இரண்டு நாள் பிள்ளைகள் வேறு இடத்தில் இருப்பது நல்லது.

சரி, மெட்டீரியலோடு கொடுப்பதா, லேபர் மட்டுமா? நேரம் இருந்தால் லேபர் மட்டும் பேசிப் பொருளை நீங்களே வாங்குங்கள் என்பதுதான் என் கருத்து. மெட்டீரியலோடு பேசினால் ஒவ்வொரு லிட்டர் குறையும்போதும் அவருக்கு லாபம், அந்த இழுபறியில் சுவர்தான் தோற்கும். அப்படியே கொடுத்தாலும் கம்பெனிப் பெயரை மட்டும் எழுதி வாங்காதீர்கள். ஒரே கம்பெனியில் லிட்டர் விலை மூன்று நான்கு மடங்கு வித்தியாசப்படும் ரகங்கள் இருக்கின்றன. ரகத்தின் முழுப் பெயர், ஷேடு நம்பர், எத்தனை லிட்டர் என்று எழுத வேண்டும். சீல் உடைக்காத டப்பா உங்கள் கண் முன்னால் திறக்கப்பட வேண்டும். ஜிஎஸ்டி பில் உங்கள் பெயரில் இருக்க வேண்டும், வெளிச்சுவர்ப் பெயிண்ட்டின் வாரண்டி கேட்கும்போது பில்லைத்தான் முதலில் கேட்பார்கள். வாரண்டி பெரும்பாலும் பெயிண்ட்டுக்குத்தான், கூலிக்கும் சாரத்துக்கும் கிடையாது. கீழிருந்து ஏறும் ஓதத்துக்கும் அது பொருந்தாது.

டோக்கன் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். டப்பாவுக்குள்ளும் பட்டி மூட்டைக்குள்ளும் பெயிண்டருக்கென்று, அவர் பணமாக மாற்றிக்கொள்ளும் டோக்கன் வைப்பது இங்கே பல கம்பெனிகளின் பழக்கம், இப்போது போனில் ஸ்கேன் செய்யும் கோடாகவும் வருகிறது. அது அவருக்குச் சேர வேண்டியது, அதில் தகராறு செய்ய வேண்டாம். ஆனால் ஒரு ரகத்தை மட்டும் அவர் ஏன் வலியுறுத்துகிறார் என்பதற்குச் சில நேரம் அதுதான் காரணம். எனவே ரகத்தை நீங்கள் முடிவு செய்துவிட்டுப் பேசுங்கள்.

நாள் கூலி எப்போது சரி? பழுது எவ்வளவு என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாத வேலைக்கு. உதாரணமாகச் சுரண்டத் தொடங்கினால்தான் ஆழம் தெரியும் பழைய சுவர். அல்லது இரண்டு நாளில் முடியும் கிரில் வேலை. முழு வீட்டுக்கு நாள் கூலி என்றால் தினமும் ஒருவர் உடன் நின்றாக வேண்டும். உங்கள் வீட்டுக்குச் சதுர அடிக் கணக்கில் லேபர் ரேட்தான் பொருத்தம், ஆனால் ஒரே ரேட்டாக வேண்டாம். ஓட்டை, விரிசலில் மட்டும் பட்டி பார்த்து இரண்டு கோட்டுக்கு ஒரு ரேட், முழுப் பட்டி பார்க்கும் சுவருக்கு ஒரு ரேட், வெளிச்சுவருக்குச் சாரத்தோடு ஒரு ரேட், கிரில்லுக்கும் கதவுக்கும் தனி ரேட். மூன்று பேரிடமும் இதே பிரிவில் மறுபடி விலை கேளுங்கள். அப்போது அந்த இரண்டு மடங்கு வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று வெளிச்சமாகிவிடும்.

பேசியதை ஒரு பக்கத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். மேலே சொன்ன ரேட், ரகம் தவிர அதில் இருக்க வேண்டியவை:

- எமரி, பிரஷ், ரோலர், மறைக்கும் ஷீட், சாரம் யார் பொறுப்பு
- கட்டில் பீரோ நகர்த்துவது, சுவிட்ச் போர்டு கழற்றி மாட்டுவது யார்
- தினமும் எத்தனை ஆள், எத்தனை நாளில் முடிப்பது
- தரையில் சிந்திய பெயிண்ட்டைத் துடைத்துக் குப்பை அள்ளிக் கொடுப்பது

பணத்தை வேலையோடு சேர்த்தே நகர்த்துங்கள். தொடக்கத்தில் 10 முதல் 20 சதவீதம், பட்டியும் எமரியும் முடிந்து நீங்கள் பார்த்த பிறகு ஒரு பங்கு, முதல் கோட் முடிந்ததும் ஒரு பங்கு. கடைசி 15 சதவீதத்தையாவது டச்சப் முடியும் வரை கையில் வைத்திருங்கள். வேலை ஒழுங்காக முடிந்த அன்றே அதைக் கொடுத்துவிட வேண்டும், அதில் இழுத்தடிப்பது பாவம். அவரும் தன் ஆட்களுக்குச் சனிக்கிழமை கூலி கொடுத்தாக வேண்டும்.

நடுவில் நீங்கள் நிற்க வேண்டிய இடம் ஒன்றுதான்: எமரி முடிந்து, பிரைமர் வைப்பதற்கு முன். அன்று இருட்டிய பிறகு விளக்கை அணைத்து, போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். ஒவ்வொரு மேடும் கோடும் நிழலாகத் தெரியும். பென்சிலால் வட்டம் போட்டு வையுங்கள், காலையில் சரி செய்யட்டும். இந்தக் கட்டத்தில் பத்து நிமிட வேலை, பெயிண்ட் அடித்த பிறகு அரை நாள் வேலை. கோட் எண்ணிக்கையைப் பார்க்கவும் வழி உண்டு. பீரோ வரும் மூலையில் ஒரு சாண் அகலம் பிரைமரோடு விட்டு, அதன் பக்கத்தில் ஒரு சாண் முதல் கோட்டோடு விடச் சொல்லுங்கள். எப்போது வேண்டுமானாலும் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். நல்ல மேஸ்திரி இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். எமல்ஷனுக்கு இரண்டு கோட்டுக்கு நடுவே நான்கு முதல் ஆறு மணி நேரம், எனாமலுக்கு ஒரு இரவு இடைவெளி வேண்டும். அடர் மஞ்சள், சிவப்பு போன்ற நிறங்கள் இரண்டு கோட்டில் மூடாது, மூன்று நான்கு ஆகும். அதை முதலிலேயே ரேட்டில் பேசிவிடுங்கள்.

வெளி வேலைக்குத் தை பிறந்து பொங்கல் முடிந்த பிறகு, பிப்ரவரி முதல் மே வரை நல்ல காலம். ஐப்பசி கார்த்திகையில் தொடங்கவே வேண்டாம். வெயிலில் கொதிக்கும் சுவரில் அடித்தால் பெயிண்ட் இழுபடும் முன்பே காய்ந்து, ரோலர் சேர்ந்த இடமெல்லாம் கோடாக நிற்கும். காலையில் மேற்குச் சுவர், மதியத்துக்கு மேல் கிழக்குச் சுவர் என்று நிழலைப் பின்தொடர்ந்து அடிப்பவர் தொழில் தெரிந்தவர்.

சாரம் கட்டும் முன் தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் ஒயர் எங்கே இருக்கிறது என்று நீங்களே பாருங்கள். இரும்புக் குழாயோ அலுமினிய ஏணியோ கம்பியில் பட்டு உயிர் போன செய்திகள் ஒவ்வொரு வருடமும் வருகின்றன. பக்கத்தில் கம்பி இருந்தால் மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி இணைப்பைத் துண்டித்த பிறகுதான் அந்தப் பக்கம் வேலை நடக்க வேண்டும். மாடி உயரத்தில் பெல்ட் இல்லாமல் யாரையும் ஏற்றாதீர்கள், ஒரு நாள் தாமதமானாலும் பரவாயில்லை. எமரி தேய்க்கும்போது மூக்கை மூடும் மாஸ்க் ஆளுக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள், அதன் செலவு ஒரு லிட்டர் பெயிண்ட் கூட ஆகாது. ஆட்கள் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். பெயிண்டர்களும் அதில் சேரலாம், விபத்து நேர்ந்தால் குடும்பத்துக்கு உதவித்தொகை உண்டு, சேராதவர்கள் இன்னும் நிறையப் பேர்.

மூடியில் ஒட்டியிருக்கும் ஷேடு ஸ்டிக்கரை வேலை முடிவதற்குள் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிறத்திலும் அரை லிட்டர், தண்ணீர் கலக்காதது, சின்ன டப்பாவில் இறுக்கி மூடி, அறையின் பெயர் எழுதி நிழலில் வையுங்கள். பிறகு டச்சப் செய்யும்போது சுவர் ரோலரில் அடித்ததென்றால் ரோலராலேயே தொடுங்கள், பிரஷ்ஷால் தொட்டால் அதே பெயிண்ட் கூடத் திட்டாகத் தெரியும்.